புனுகு பூசிய வளை

முள்ளம்பன்றி சடையனுக்கு முதலில் துரோகம் செய்தவன் புனுகுப்பூனை ராக்கன். உடும்பு பொன்னம்பலம் செய்தது அதற்குப் பிறகுதான். இந்தக் கதையைச் சொல்லுகிற பலரும் உடும்பைத் திட்டிவிட்டுப் பூனையை விட்டுவிடுகிறார்கள். அது நியாயமில்லை. உடும்பு யாரோ எவனோ. பூனை, சடையன் வீட்டில் உண்டவன்.

ஒரு கரடு, சின்னப் பாறைக் குன்று. கரட்டின் அடியில் ஒரு பெரிய ஏரி. ஏரிக்கரைக்கு அந்தப்புறம் தாழ்வான காடு. எலி, முயல், கீரி என்று சிறுபிராணிகள் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன.

சடையனின் வளை ஏரிக்கரையிலேயே இருந்தது. அவனே தோண்டியது. காட்டுப் பக்கம் வாசல், ஏரிப் பக்கம் இன்னொரு வாய். கோடையில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். மழைக்காலத்தில்தான் தொல்லை. ஏரி நிரம்பினால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். போன மழையில் சடையனும் அவன் பெண்டாட்டி மாராயியும் கழுத்தளவு தண்ணீரில் தத்தளித்து வெளியே வந்தார்கள். இந்த வருடம் மாராயி முழுகாமல் இருந்தாள். ஐப்பசியில் குட்டி போட வேண்டும். பிறந்த குட்டி எங்கே நீந்தும்?

"மழைக்கு முன்னால மேட்டுக்குப் போயிடணும். இல்லாட்டி நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன்" என்றாள் மாராயி.

"உங்கம்மா வீடும் ஏரிக்கரையிலதானே இருக்கு?"

"இருக்கட்டும். அங்கே முழுகினா எங்கம்மாளாவது அழுவா."

 மறுநாளே சடையன் மேட்டுக்குப் போனான்.

மேட்டில் ஒரு அழுங்கு புதுப்புது வளைகளாகத் தோண்டி விற்றுக்கொண்டிருந்தது. அந்தக் கரட்டில் கிழங்குதான் காசு. கிழங்கைக் கொடுத்தால் எதையும் வாங்கலாம். அதனால் எறும்பு தின்னும் அழுங்குகூட விலையைக் கிழங்கில்தான் சொல்லும். முழு விலையையும் முன்னால் குவித்தால்தான் வளை. தவணை என்ற பேச்சே கிடையாது. நேற்றுகூட ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார் என்று யாரிடமும் சொல்லும். சடையனிடமும் சொன்னது.

சடையனிடம் அவ்வளவு கிழங்கு இல்லை. ஆனால் பழைய வளைக்கு ஆள் இருந்தது. ஆற்றிலிருந்து கெண்டையம்மா என்ற நீர்நாய் ஆடி மாதத்திலேயே வந்து பார்த்து, விலையும் பேசி முடித்திருந்தாள். வாசலில் தண்ணீர் அடிக்கும் வளைதான் நீர்நாய்க்கு மாளிகை. விலைக்கு அல்லிக்கிழங்கு தருவதாக ஒப்புக்கொண்டாள். அதில் ஒரே ஒரு நிபந்தனை. ஏரியில் தண்ணீர் வர வேண்டும். வந்த அன்றே கிழங்கை இறக்கிவிட்டுக் குடிவருவாள். காய்ந்த ஏரியில் மண்ணையா தின்பது என்று அவள் கேட்டதிலும் தப்பில்லை.

ஆக, மேட்டு வளையைத் தண்ணீர் வருவதற்கு முன்னால் வாங்க வேண்டும். கரை வளையோ தண்ணீர் வந்த பிறகுதான் விற்கும். நடுவில் ஒரு சின்ன இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ராக்கன் வந்து உட்கார்ந்தான்.

ராக்கனுக்கு வீடு வாசல் கிடையாது. மழை பெய்தால் சடையன் வளையில் வந்து ஒண்டுவான். மாராயி போட்டதைத் தின்பான். அண்ணே, அண்ணி என்பான். அவனுக்கு இரண்டு தொழில். ஒன்று தரகு. மற்றொன்று புனுகு.

புனுகு என்றால் என்ன தொழில் என்று கேட்பீர்கள். அந்தக் கரட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவன் வளையை ஈடு வைத்துக் கடன் வாங்கினால், புனுகுப்பூனை வந்து அந்த வளை வாசலில் புனுகு பூசும். கடன் கொடுத்தவன் அதன்மேல் தன் நகத்தால் ஒரு கீறல் போடுவான். அதைத் துடைக்கும்வரை வளை அவனுடையது. அவன் சம்மதம் இல்லாமல் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. தோண்டியவனே ஆனாலும் கூடாது. மற்றவர்கள் வாசனை பிடித்தே தெரிந்துகொள்வார்கள்.

"அண்ணே, இதுக்குப் போய் யாராவது தூக்கத்தக் கெடுப்பாங்களா?" என்றான் ராக்கன். "நம்ம பொன்னம்பலம் அய்யா கைமாத்துக் குடுப்பாரு. இந்தக் கையில வாங்கு, தண்ணி வந்ததும் அந்தக் கையில குடு. நடுவுல கொஞ்ச நாள். உங்க தம்பி நான் இருக்கேன்ல?"

பொன்னம்பலம் பாறை இடுக்கில் குடியிருந்தான். இடுக்கின் உள்ளே கூரை முட்டக் கிழங்கு அடுக்கியிருந்தது. உடும்பு கிழங்கு தின்னாது. முட்டை தின்னும், பூச்சி தின்னும். தான் தின்னாததைக் குவித்து வைத்திருப்பவனிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். சடையனுக்கு அன்று அது தோன்றவில்லை. மாராயியின் வயிறுதான் கண்முன் நின்றது.

பொன்னம்பலம் மரியாதையாகத்தான் பேசினான். தான் வட்டிக்கு விடுகிறவன் இல்லை என்றான். அவசரத்துக்கு உதவுகிறவனாம். அமாவாசைக்கு அமாவாசை ஒரு குவியல் கிழங்கு வட்டி. மேட்டு வளைதான் ஈடு. சடையன் அதில் குடியிருந்துகொள்ளலாம். கார்த்திகைப் பௌர்ணமிக்குள் அசல் வராவிட்டால் வளை பொன்னம்பலத்துக்கு.

"தண்ணி வர தாமதமானா?" என்று கேட்டான் சடையன்.

"நான் என்ன புலியா, பாய்ஞ்சு விழ?" என்று சிரித்தான் பொன்னம்பலம்.

மறுநாள் உடும்பும் பூனையும் கிழங்கை உருட்டிக்கொண்டு கரை வளைக்கே வந்தார்கள். பேசிய அளவு இல்லை. முதல் மாத வட்டியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டார்களாம். தரகையும் அதிலேயே கழித்தார்களாம். குறைந்ததை ஈடுகட்ட, பிள்ளைப்பேற்றுக்கென்று மாராயி சேர்த்து வைத்திருந்த கிழங்கை எடுத்துச் சடையன் போட்டான்.

அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது.

முள்ளம்பன்றிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டு வாசலுக்கு வேற்றாள் வந்தால் முதுகைத் திருப்பிக்கொண்டு முள்ளைச் சிலிர்த்து நிற்கும். அதன் பலமெல்லாம் முதுகில்தான். ஆனால் முதுகில் கண் கிடையாது. பொன்னம்பலம் வாசல்வரை வந்ததும் சடையன் தன்னையறியாமல் திரும்பி நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் ராக்கன் கரை வளையின் வாசலிலும் புனுகைப் பூசினான். பொன்னம்பலம் சத்தமில்லாமல் ஒரு கீறல் போட்டான். சடையனுக்குப் புனுகு வாசனை வந்தது. புனுகுப்பூனை வந்தால் சந்தனமா மணக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அன்றே அழுங்குக்கு விலையைக் கொடுத்தான். மேட்டு வளைக்கும் பேசியபடி புனுகு பூசினார்கள். அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றான். குடிபோனான். ஐப்பசி பிறந்தது. மாராயி இரண்டு குட்டி போட்டாள். இரண்டும் காய்ந்த மண்ணில் கிடந்து கத்தின. அந்தச் சத்தத்தைக் கேட்கச் சடையனுக்கு அத்தனை சந்தோஷம்.

மழை வந்தது. ஏரியில் தண்ணீர் ஏறியது. கெண்டையம்மா சொன்ன சொல் தவறவில்லை. மகன்களோடு அல்லிக்கிழங்கை நீரில் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வாசலை முகர்ந்தாள். இரண்டடி பின்னால் போனாள்.

"என்ன சடையா, ஈடு வெச்ச வளையை என் தலையில கட்டப் பாக்குறியா?"

 சடையன் குனிந்து முகர்ந்தான். புனுகு. அதன்மேல் பொன்னம்பலத்தின் நகக்கீறல்.

தனக்குத் தெரியாமல் பூசிவிட்டார்கள் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். கெண்டையம்மா நம்பினாள். ஆனாலும் வாங்கவில்லை. வில்லங்கம் தீரட்டும், கார்த்திகைப் பௌர்ணமிவரை காத்திருக்கிறேன், அப்புறம் வேறு ஏரி பார்த்துக்கொள்கிறேன் என்றாள். கிழங்கோடு திரும்பிப் போனாள்.

சடையன் பாறைக்கு ஓடினான். பொன்னம்பலம் வெயில் காய்ந்துகொண்டிருந்தான். பக்கத்தில் ராக்கன்.

"கரை வளையில எதுக்குப் புனுகு?"

"ஒரு பாதுகாப்புக்கு."

"துடை."

"கடனை அடை. துடைக்கிறேன்."

"வளை வித்தாத்தானே கடனை அடைக்க முடியும்? நீ துடைச்சாத்தானே வளை விக்கும்?"

பொன்னம்பலம் நாக்கை நீட்டி உள்ளே இழுத்துக்கொண்டான். "அது உன் கஷ்டம்."

சடையன் ராக்கனைப் பார்த்தான். "நீயாடா பூசினே? என் வாசல்லயா?"

ராக்கன் வானத்தைப் பார்த்தான். "அண்ணே, பழக்கம் வேற, தொழில் வேற."

அப்போதுதான் சடையனுக்கு எல்லாம் புரிந்தது. பொன்னம்பலத்துக்குக் கடன் திரும்பி வர வேண்டாம். வளை வேண்டும். கடனை அடைக்கிற வழியை அடைத்துவிட்டுக் கெடு வைத்திருக்கிறான். இப்படித்தான் மேட்டில் பாதி வளைகள் அவன் கைக்குப் போயிருந்தன. வளையை இழந்தவர்கள் எல்லாரும் வெட்கப்பட்டு வேறு காட்டுக்குப் போய்விட்டார்கள். உடும்புப் பிடியில் அகப்பட்டால் அவ்வளவுதான் என்று மற்றவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

சடையன் போகவில்லை. அமாவாசை வந்தது. ஒரு குவியல் கட்டினான். கெடுவுக்கு முன்னால் தொந்தரவு செய்யாமலிருக்க இன்னொரு குவியல் வேண்டும் என்று பொன்னம்பலம் சொல்லி அனுப்பினான். மாராயி, கொடுக்காதே என்றாள். குட்டிகள் முள் கெட்டிப்பட்டு ஓடியாடட்டும் என்று சடையன் அதையும் கட்டினான். அந்த இரண்டு குவியலையும் அவன் மறக்கவில்லை. கெண்டையம்மா கிழங்கோடு வந்த அன்றே கடன் தீர்ந்திருக்கும். பொன்னம்பலமே கடனைத் தீர விடாமல் செய்துவிட்டு, தீராத கடனுக்கு வட்டி வாங்கினான்.

கார்த்திகையில் பெருமழை பிடித்தது. ஏரி தளும்பியது. கெடு முடிவதற்குச் சற்று முன்னால், ஒரு காலையில், கீரி மலையாண்டி மூச்சிரைக்க மேட்டுக்கு ஓடி வந்தது.

"சடையா, உன் வளை ஒழுகுது! கரை கரையுது!"

கரையில் வளை வைத்திருப்பவனுக்கு ஒரு கடமை இருந்தது. ஏரி நிரம்பும்போது அவன் தன் வளையைக் கல்லும் களிமண்ணும் போட்டு அடைக்க வேண்டும். அடைக்காமல் கரை உடைந்தால் தாழ்காட்டில் யாருக்கு என்ன நஷ்டம் வந்தாலும் அவன் தலையில்தான். சடையன் வருடா வருடம் அடைத்தவன். ஒரு வருடமும் தவறியதில்லை.

அன்று அவன் நிதானமாக இறங்கி வந்தான். தாழ்காடு முழுவதும் கரையில் கூடியிருந்தது. எலிகள் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு நின்றன. வளைக்குள்ளிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சடையன் வாசலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டான்.

"உக்காந்துட்டியே! அடை!" என்றது கீரி.

"என் வளைன்னா அடைப்பேன். மோந்து பாருங்க."

கீரி முகர்ந்தது. முயல் முகர்ந்தது.  யாரோ பாறைக்கு ஓடிப் பொன்னம்பலத்தைக் கூட்டிவந்தார்கள். ராக்கனும் பின்னாலேயே வந்தான்.

பொன்னம்பலத்துக்கு விஷயம் தெரியாது. இத்தனை பேர் தனக்காகக் காத்திருப்பதைப் பார்த்ததும் மார்பை நிமிர்த்திக்கொண்டான். இந்த வளை உங்களுடையதா என்று கீரி பணிவாகக் கேட்டது.

"பின்னே யாருது? கீறல் யாரு போட்டது, தெரியலையா?"

"அப்போ அடைங்க அய்யா. கரை போகுது."

பொன்னம்பலம் அப்போதுதான் தண்ணீரைப் பார்த்தான். சடையன் பக்கம் திரும்பினான். "நீதானே வருஷா வருஷம் அடைப்பே? போய் அடை."

"ஈடு வெச்ச வளைக்குள்ள நான் கால் வைக்கக் கூடாது."

"நான் சம்மதம் தரேன், போ."

"உன் சம்மதம் எனக்கு வேண்டாம்."

"கூலி தரேன்டா. ஒரு குவியல். ரெண்டு குவியல்."

சடையன் எழுந்து நின்றான். முள் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை. முதுகைக் காட்டாமல், முகத்தை நேருக்கு நேர் காட்டிப் பேசினான்.

"என் நகம் தேயத் தோண்டின வளை இது. இதுக்குள்ள கூலிக்காரனா நான் போக மாட்டேன். சொந்தக்காரனாத்தான் போவேன். இது உன் வளைன்னா நீ அடை. இல்லைன்னா இத்தனை பேர் முன்னால இல்லைன்னு சொல்லு."

தண்ணீர் இன்னும் பெருத்தது. ஒரு மண்கட்டி பெயர்ந்து விழுந்தது. கரை உடைந்தால் யாருடைய கணக்கு என்று முயல் சத்தமாகக் கேட்டது. வளைக்காரன் கணக்கு என்று கூட்டம் ஒரே குரலில் சொன்னது. எலிகள் தங்கள் தானியத்தைச் சொல்லின. முயல் தன் புல்வெளியைச் சொன்னது. கீரி தன் ஆறு பிள்ளைகளைச் சொன்னது. பொன்னம்பலத்துக்குப் பாறை இடுக்கின் கிழங்கெல்லாம் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே போவது மனக்கண்ணில் தெரிந்தது. எதைப் பிடித்தாலும் விடாத உடும்பு அன்று விட்டது.

"இது என் வளை இல்லை" என்றான் மெதுவாக.

"எலிக்குக் கேக்கல" என்றான் சடையன்.

"என் வளை இல்லை!"

"அப்போ துடை."

ராக்கனைப் பார்த்தான் பொன்னம்பலம். ராக்கன் ஏற்கெனவே நழுவிப் போயிருந்தான். வேறு வழியில்லாமல் பொன்னம்பலமே வயிற்றை வாசலில் தேய்த்துத் தேய்த்துப் புனுகைத் துடைத்தான். நாற்றம் அவன் மேல் ஒட்டிக்கொண்டது. கூட்டத்துக்குப் பயந்து, மேட்டு வளையையும் துடைத்துவிடுகிறேன், என்னை விடு என்றான். சடையன் ஒப்புக்கொள்ளவில்லை. மேட்டு வளையில் தன் சம்மதத்தோடு பூசியது, கடனை அடைத்த பிறகு துடைத்தால் போதும் என்றான்.

பிறகு ஒரு நொடி நிற்கவில்லை. வளைக்குள் பாய்ந்தான். உடம்பையே அடைப்பாக வைத்துத் தண்ணீரைத் தடுத்தான். கீரியும் முயலும் கல் உருட்டின. எலிகள் களிமண் சுமந்தன. மத்தியானத்துக்கு முன் ஒழுகல் நின்றது. சடையன் வெளியே வந்தபோது பாதி முள் ஒடிந்திருந்தது. கரை நின்றது.

பௌர்ணமிக்கு முன்பே கெண்டையம்மா வந்து முகர்ந்து பார்த்தாள். மண் வாசனைதான் வந்தது. அல்லிக்கிழங்கை இறக்கினாள். அடைப்பை அப்படியே விட்டுவிட்டு, ஏரிப் பக்கத்து வாய் வழியாக உள்ளே குடியேறினாள். சடையன் அந்தக் கிழங்கை ஊரறிய உருட்டிக்கொண்டு போய்ப் பாறை முன்னால் குவித்தான். அசல் ஒரு கிழங்கு குறையவில்லை. மேட்டு வளையின் புனுகையும் அன்றே துடைக்க வைத்தான்.

துடைத்து முடித்துப் பொன்னம்பலம் திரும்பிப் போகப் பார்த்தான்.

"எங்கே போறே? என் பாக்கி?" என்றான் சடையன்.

"என்ன பாக்கி?"

"கெண்டையம்மா வந்த பிறகு வாங்கின ரெண்டு குவியல். அதோட ராக்கன் எடுத்த தரகு."

கூட்டம் அதை நியாயம் என்றது. பொன்னம்பலமும் மறுக்க முடியாமல் தலையாட்டினான். தை பிறக்கட்டும், தருகிறேன் என்றான்.

தை பிறந்தது. மாசியும் போனது. எத்தனையோ மழை வந்து போய்விட்டது. சடையனின் குட்டிகளுக்குக் குட்டிகள் பிறந்துவிட்டன. சடையன் இன்றைக்கும் அமாவாசைக்கு அமாவாசை பாறை முன்னால் போய் நின்று, நாலு பேர் காதில் விழும்படி கேட்கிறான். பொன்னம்பலம் இடுக்கின் ஆழத்துக்குப் போய்விடுகிறான். ராக்கன் தூரத்தில் சடையனைக் கண்டாலே மரம் ஏறிவிடுகிறான். போனால் போகிறது, வயதான காலத்தில் எதற்கு இந்த வம்பு என்று சிலர் சொல்லிப் பார்த்தார்கள். அப்படியானால் நீங்கள் கொடுத்துவிடுங்கள், நான் நிறுத்திவிடுகிறேன் என்றான் சடையன். அதன் பிறகு யாரும் சொல்வதில்லை. கடன் கேட்டுப் போன ஒருத்தரையும் பொன்னம்பலத்தால் ஏமாற்றவும் முடியவில்லை. பாறைக்குப் போகிறவர்கள் சடையனின் குரலைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

இரண்டு குவியலும் தரகும் இன்னும் வரவில்லை.

வாங்கிய கடனை ஊரறியக் கொடு, உனக்கு வரவேண்டிய கடனை ஊரறியக் கேள். இரண்டிலும் தலைகுனிய வேண்டியவன் நீ இல்லை.